வெள்ளைமேட்டுப் பந்தயம்

அன்று காலை அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அங்கே இல்லாதவர்கள்கூட இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

சுவரோரத்து மர நாற்காலியில் பெரியப்பா சம்பங்கி. அவருக்கு எதிரே, போனை முழங்காலில் கவிழ்த்து வைத்தபடி முன்னாள் வார்டு மெம்பர் பரமசிவம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றவன் விஜயகுமார், இறந்த பிள்ளையின் தகப்பன். உள்ளறை வாசற்படியில் பாதி உள்ளும் பாதி வெளியுமாக உட்கார்ந்திருந்தவள் ரேவதி, பெற்றவள். கூடத்தின் நடுவில், தூணைத் தொடாமல், எதிலும் சாயாமல் நின்றவள் சரோஜம்மாள். விஜயகுமாருக்கு அக்கா. புருஷன் போனபின் பிறந்த வீட்டுக்கு வந்து, தம்பியின் பிள்ளையைத் தன் மடியில் வளர்த்தவள்.

வெளியே டிராக்டர் ஓரத்தில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மதுரைவீரன் நின்றான். அவனை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அவனும் இருந்தான்.

ஹரீஷ்குமாரைப் புதைத்து, பாலும் ஊற்றியாகிவிட்டது. வீட்டில் இன்னும் யாரும் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. அரைப் பரீட்சை லீவில், வீட்டுக்குப் பின்னால் தங்கள் சொந்த மேட்டுக்காட்டில் விளையாடப் போன பிள்ளை. ஆஸ்பத்திரியில் துடைத்துக் கொடுத்த உடம்பிலும் இமை மயிரில் வெள்ளை ஒட்டிக்கொண்டுதான் வந்தது.

அந்த மேட்டுக்காடு கேழ்வரகும் அவரையும் விளைந்த இடம். சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கி இறங்கி, விளைந்தது வீடு சேராமல் போகவே, கல் பாலிஷ் போடும் ஒரு கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார்கள். தண்ணீர் ஊற்றிக் கருங்கல்லை அறுக்கும்போது பால் போல வடிகிற சேற்றை டேங்கரில் கொண்டுவந்து அங்கே கொட்டுவார்கள். காய்ந்தால் வெள்ளை வெளேர் என்று கல்மாவு. ஊர் அதற்கு வெள்ளைமேடு என்றே பெயர் வைத்துவிட்டது. மேடு காய்ந்துவிடும். அடிவாரத்துக் குட்டை மட்டும் காயாது. பாலில் ஆடை கட்டுவது போல் மேலே ஓடு பிடித்து நிற்கும். உள்ளே கூழ். போன கோடையில் அதில் இறங்கிய மாட்டைக் கயிறு போட்டு இழுப்பதற்குள் கொம்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது. இதெல்லாம் தெரிந்த குடும்பம்தான்.

தக்காளி கிரேட்டின் அடியில் பழைய பிளக்ஸ் பேனரை இறுக்கிக் கட்டி, அதைப் பனிச்சறுக்கு வண்டி என்று சொல்லி, மதுரைவீரனின் மகள் அனுப்ரியாவோடு மேட்டிலிருந்து பந்தயம் விட்டிருக்கிறான் ஹரீஷ். அவள் திரும்பி வந்தாள். அவன் வரவில்லை.

"நேத்து ராயக்கோட்டை தக்காளி மண்டியில பூரா இதே பேச்சு தாங்க," என்றார் பரமசிவம். "வீரன் பொண்ணு தான் சினிமாவுல பார்த்துட்டு, அதே மாதிரி விளையாடலாம்னு பையனைக் கூட்டிக்கினு போயிருக்குது. பந்தயத்துல தோத்துப்போன ஆத்திரம். குட்டையில தள்ளிடுச்சாம்."

"யார் பார்த்தாங்க?" என்றாள் சரோஜம்மாள்.

"ஊரே சொல்லுதும்மா."

"ஊரு அங்க நின்னுக்கினு இருந்துச்சான்னு கேட்கறேன்."

பரமசிவம் பெரியப்பாவைப் பார்த்தார்.

"கேள்வி கேட்கிற நேரமா சரோஜா இது?" என்றார் சம்பங்கி. "இன்ஸ்பெக்டர் இன்னைக்கு வரச் சொல்லிட்டாரு. இப்போதைக்குச் சந்தேக மரணம்னு போட்டு வெச்சிருக்காங்க. நாம எழுதிக் குடுத்தா வீரன் பேரு வரும். கேட்டைத் தெறந்து போட்டுட்டுப் போனவன் அவன். புள்ளையை இழுத்துக்கினு போனது அவன் பொண்ணு. நாம குடுக்கலேன்னா, நிலம் யாருதுன்னு அவங்க கேட்பாங்க. அப்ப யார் பேரு வரும்? இந்த வீட்டுப் பேரு. எங்க அப்பா காலத்துல இருந்து இந்த வீட்டு ஆம்பளை ஒருத்தன் ஸ்டேஷன் படி மிதிச்சதில்ல."

மதுரைவீரன் வெள்ளைமேட்டுக்கு வாட்ச்மேன். சம்பளம் கம்பெனி தருகிறது. ஆனாலும் தங்கள் நிலத்தில் நிற்கிற ஆள் தங்கள் ஆள்தான் என்பது அந்த வீட்டின் வழக்கம். வேலிக்கு, போர்வெல்லுக்கு, லோடு ஏற்ற, எதற்கும் 'வீரா' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். அன்றைக்கு அவன் எங்கே போயிருந்தான் என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். சம்பங்கியின் தக்காளியை லாரியில் ஏற்றப் போயிருந்தான். சம்பங்கிதான் கூப்பிட்டிருந்தார்.

அதை யாரும் சொல்லவில்லை. வெளியே நின்றவனும் சொல்லவில்லை. டிராக்டர் சக்கரத்தில் காய்ந்திருந்த மண்ணை விரலால் பெயர்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதிக் குடுத்துடறேன்க்கா," என்றான் விஜயகுமார். அவன் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எம் புள்ள போயிட்டான். யாராவது பதில் சொல்லணும் இல்ல? யாராவது ஒருத்தர்?"

ரேவதி தலை நிமிரவில்லை. ஹரீஷின் பள்ளிக்கூட டையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

சரோஜம்மாளின் மனம் பரமசிவம் சொன்ன ஒரு வார்த்தையிலேயே நின்றுவிட்டது. 'சினிமாவுல பார்த்துட்டு.' அந்தப் படத்தை யார் பார்த்தது, யார் பார்க்கவில்லை என்பது அந்தக் கூடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் நிச்சயமாகத் தெரியும்.

"மத்தியானம் வரைக்கும் பொறு குமாரு," என்றாள். "நான் அந்தப் பொண்ணைக் கேட்டுட்டு வர்றேன்."

"வரச் சொல்லு இங்க," என்றார் பெரியப்பா.

"இத்தனை பேர் நடுவுல நிறுத்தினா எனக்கே பேச்சு வராது. நானே போறேன்."

"சரோஜா! இந்த வீட்டுப் பொம்பளைங்க அந்தத் தெருவுல கால் வெச்சதில்ல."

"இந்த வீட்டுப் புள்ள தினமும் வெச்சான் பெரியப்பா."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வாசலில் மதுரைவீரன் இரண்டடி பின்னால் போய் நின்றான். "அம்மா, அது யார்கிட்டயும் பேசறதில்லம்மா. எங்ககிட்டயே பேசறதில்ல."

"முன்னால நட," என்றாள்.

பனி இன்னும் விலகவில்லை. மார்கழியில் அந்தப் பக்கம் வெயில் வருவதற்கு நேரமாகும். தக்காளித் தோட்டத்துக் கம்புகள் மட்டும் தெரிய, அதற்கு அப்பால் எல்லாம் வெள்ளை. வெள்ளைமேடு எது, பனி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்தாள்.

ஹரீஷ் சாவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஹோசூர் மாலுக்கு அவனைக் கூட்டிப் போனது அவள்தான். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் படம் என்று சொல்லியிருந்தாள். காரில் ஏறும்போதே கேட்டான்.

"அத்தை, அனுவையும் கூட்டிக்கினு போலாமா?"

"இடம் இல்லடா."

அவன் திரும்பிக் காலியாகக் கிடந்த பின்சீட்டைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். அந்த வயதிலேயே அவனுக்கு எதைத் திருப்பிக் கேட்கக்கூடாது என்று தெரியும்.

அது பொம்மைப் படம். எங்கோ ஒரு குளிர்தேசத்துக் கிராமம். பள்ளிக்கூடத்துக்குக் குளிர்கால லீவு விட்டதும் பிள்ளைகள் பலகையையும் பெட்டியையும் கழற்றி வண்டி செய்து, பனிமலைச் சரிவில் பந்தயம் விடுகிறார்கள். மஞ்சள் குல்லாப் பையன் ஒருவன், அவனை எப்போதும் மிஞ்சுகிற பெண் ஒருத்தி, தும்மிக்கொண்டே இருக்கும் கிழட்டு நாய். இந்த வயதில் இதைப் போய்ப் பார்ப்பதா என்று உட்கார்ந்தவள், ஏ.சி. குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பாதியிலேயே படத்துக்குள் போய்விட்டாள். வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் ஹரீஷ் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தானும் சாய்வான். பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தார்.

"உங்க பேரனா?" என்றார்.

"என் புள்ள," என்றாள்.

முன்னால் போகிறவனைப் பார்த்தபடி நிமிர்ந்து நடந்தாள்.

தெருமுனையில் தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. மதுரைவீரனின் மனைவி முனிலட்சுமி அதில் ஏறவில்லை. ஹோசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒயர் பின்னுகிற லைனில் அவளுக்கு வேலை. கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வாசலிலேயே நின்றுவிட்டிருந்தாள். சரோஜம்மாளைக் கண்டதும் அவள் முகம் இறுகியது.

"வாங்க," என்றாள். "தள்ளிவிட்டவ உள்ளதான் இருக்கறா. போலீசோட வருவீங்கன்னு பார்த்தேன். தனியா வந்துக்கிறீங்க."

"முனி, வாயை மூடு," என்றான் மதுரைவீரன்.

"நீ மூடிக்கினு இருக்கறது போதும். தக்காளி ஏத்தப் போனேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வருதா உனக்கு? நாளைக்கு உன்னைக் கூட்டிக்கினு போயி உள்ள வெச்சா, அப்பவும் துண்டைக் கக்கத்துல வெச்சிக்கினு நிப்ப."

இன்னொரு நாளாக இருந்திருந்தால் சரோஜம்மாள் அந்தப் பேச்சுக்குத் திரும்பி நடந்திருப்பாள். தன் முகத்துக்கு நேரே குரல் உயர்த்திய வேலைக்காரன் வீட்டுப் பெண்ணை அவள் அதுவரை கண்டதில்லை. இன்று அந்தக் கோபம் தேவலையாக இருந்தது. ஒரு வாரமாக எல்லோரும் அவளிடம் மெல்லிய குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நான் அனுவைப் பார்க்கணும்," என்றாள்.

"நாற்காலி இல்ல."

"கேட்கல."

குனிந்து உள்ளே போனாள். தகர ஜன்னலுக்குக் கீழே, பாயில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது அந்தப் பெண். பத்து விரல்களிலும் துணி சுற்றியிருந்தது. அவனை வெளியே எடுக்க அந்தக் கல்மாவைக் கையாலேயே தோண்டியிருக்கிறாள். நகம் இல்லை. தலைக்கு எத்தனையோ தரம் ஊற்றியும் காதுமடல் மடிப்பில் வெள்ளை போகவில்லை. தட்டில் சோறு ஆறிக் கிடந்தது.

சரோஜம்மாள் தரையில் உட்கார்ந்தாள். என்ன கேட்பதென்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. வெளியே முனிலட்சுமியின் போன் அடித்து அடித்து நின்றது. சூப்பர்வைசராக இருக்கும்.

"பெரியம்மா."

வாசலில் நின்ற முனிலட்சுமி சடாரென்று திரும்பினாள். அந்த ஒரு வாரத்தில் பிள்ளை பேசிய முதல் வார்த்தை.

"என்னம்மா?"

"அந்தப் படத்துல கடைசில யார் ஜெயிப்பாங்க?"

"ஏன், ஹரீஷ் சொல்லலியா?"

"தினமும் கொஞ்சம் சொல்வான். மஞ்சக் குல்லா மாதிரி பேசுவான். நாய் மாதிரி தும்முவான். நான் சிரிச்சா, கதையை நிறுத்திடுவான். கடைசி மட்டும் சொல்லல. என் கூடப் பந்தயம் ஓட்டி முடிச்சா தான் சொல்வேன்னான்."

"அதுக்குத் தான் போனியா?"

பெண் தலையாட்டியது. "குட்டைப் பக்கம் போவாதன்னு அப்பா சொல்லிக்கிறாங்க. நான் சொன்னேன் அவன்கிட்ட. பனிக்குட்டை மேலேயும் வண்டி போவும், படத்துல போச்சுன்னான். வண்டி போனா உடையாது, வெயிட்டு பரவிடும்னான்."

"அப்புறம்?"

"என் வண்டி பாதியிலேயே கவுந்துருச்சு. முட்டி பேந்துருச்சு. அங்கேயே கெடந்தேன். அவன் நேராப் போயி குட்டை நடுவுல நின்னுட்டான். ஒண்ணும் ஆவல பெரியம்மா. ஓடு தாங்குச்சு. வண்டியில உக்காந்தமேனிக்கு ரெண்டு கையையும் தூக்கினான். அப்பத் தான் நான் அழுதேன்."

"நோவு தாங்காமயா?"

"தோத்துட்டேன்ல. அதுக்கு."

அந்தக் குழந்தை இதைச் சொல்லும்போது வெட்கப்பட்டது. முனிலட்சுமி சட்டைக் கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"அவன் திரும்பிப் பார்த்தான். 'அழாதடி, வர்றேன் இரு'ன்னான். சொல்லிட்டு எறங்கினான்." அனுப்ரியா துணி சுற்றிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வண்டியை விட்டு எறங்கினான். எறங்கின ஒடனே முட்டி வரைக்கும். அப்புறம் இடுப்பு. நான் ஓடுனேன். நான் வரச் சொல்லல பெரியம்மா. நிஜமா நான் வரச் சொல்லல."

சரோஜம்மாளுக்கு அந்த இருட்டு சினிமாக் கொட்டகை திரும்பி வந்தது. கொடி கண்ணுக்கு எதிரே தெரிகிறது. மஞ்சள் குல்லாப் பையன் எல்லோருக்கும் முன்னால். பின்னால் அந்தப் பெண்ணின் வண்டி உடைந்து, பனிக்குள் கால் சிக்கிக் கிடக்கிறாள். பையன் வண்டியை நிறுத்துகிறான். இறங்குகிறான். எதிர்க்காற்றில் நடந்து திரும்பி வருகிறான். கொட்டகையில் பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்கள். ஹரீஷ் தட்டவில்லை. அவள் காதருகே வந்து, "அத்தை, நானா இருந்தாலும் எறங்கி வருவேன்," என்றான்.

"எறங்கு. ஸ்வெட்டரைப் போட்டுக்கினு எறங்கு," என்று அவள் சிரித்தாள்.

"முன்னால போன பையன் எறங்கி வந்துருவான்," என்றாள் அனுப்ரியாவிடம். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "அந்தப் பொண்ணைத் தூக்கி விடுவான். ரெண்டு பேரும் ஒரே வண்டியை இழுத்துக்கினு நடப்பாங்க. எல்லாருக்கும் கடைசியா வந்து சேருவாங்க."

"அப்ப ரெண்டு பேருமே தோத்துட்டாங்களா?"

"தோத்துட்டாங்க."

பெண் யோசித்தது. "அவன் ஜெயிக்கிற கதைன்னு தானே சொன்னான்?"

சரோஜம்மாள் எழுந்து நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற முனிலட்சுமியிடம், "சாதத்தை மாத்தி, சூடா கொஞ்சம் ரசம் ஊத்திக் குடு. இப்ப சாப்பிடும்," என்றாள்.

அவள் வெளியே வரும்போது முனிலட்சுமி வழியை விட்டு விலகி நின்றாள்.

திரும்பி வந்தபோது கார் வாசலில் தயாராக நின்றது. விஜயகுமார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். பெரியப்பா முன்சீட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தார். தக்காளி ஏற்ற வந்திருந்த ஆட்கள் கிரேட்டுகளை இறக்கிவைத்துவிட்டு, வேலை செய்கிற மாதிரி நின்றிருந்தார்கள்.

சரோஜம்மாள் அவர்கள் யாரிடமும் போகவில்லை. நேரே உள்ளே போய், வாசற்படியில் ரேவதியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெற்றவளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்று குரலை அடக்கவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். எதையும் கூட்டவில்லை. பின்சீட்டு காலியாக இருந்ததையும் விடவில்லை.

ரேவதி கடைசிவரை கேட்டாள். டை அவள் விரலில் இரத்தம் கட்டும் அளவுக்கு இறுகியிருந்தது.

"என்னைக் கூப்டானா அக்கா?"

பொய் சொல்வது சுலபம். பொய்யைக் கொண்டு ஒரு தாயை ஆற்றலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. சரோஜம்மாள் அந்த ரகம் இல்லை.

"இல்லம்மா. அந்தப் பொண்ணைப் பார்த்து 'அழாதடி, வர்றேன் இரு'ன்னான். அதுதான் அவன் பேசின கடைசி."

ரேவதி ஆனேக்கல் பக்கத்துப் பெண். துக்கம் முற்றினால் அவளுக்குப் பிறந்த வீட்டுக் கன்னடம்தான் வரும். டையைப் பிரித்து மடியில் நீவிக்கொண்டே, "ஆ மகு மேலே கம்ப்ளெயின்ட் பேடா," என்றாள். அந்தக் குழந்தை மேல் வேண்டாம். இன்னொரு தரம், யாரிடமென்று இல்லாமல், "பேடா," என்றாள். பிறகு, புதைத்த நாளில்கூட வராத அழுகை அவளுக்கு வந்தது. சரோஜம்மாள் அவள் தலையைத் தோளில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் என்னன்னு எழுதறது?" விஜயகுமார் கூடத்துக்குள் வந்து நின்றான். "சொல்லுக்கா. எம் புள்ளையைக் கொன்னது எங்க நிலம்னா? நான் வாடகைக்கு விட்ட நிலம்னா?"

"ஆமா."

"வாட்ச்மேனை எங்க பெரியப்பா தான் லோடு ஏத்தக் கூட்டிக்கினு போனாருன்னா?"

"அதையும் எழுது."

சம்பங்கியின் முகம் சிவந்தது. கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "ஏய், சரோஜா. குடும்ப மானத்தைக் கொண்டுபோயி ஸ்டேஷன் மேஜை மேல வைக்கச் சொல்றியா?"

அவள் எழுந்தாள். பெரியப்பாவின் எதிரே அவள் குரல் உயர்த்திப் பேசியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

"ஒரு பொண்ணு புடிச்சித் தள்ளி விழுந்து செத்தவன்னு நம்ம புள்ளைக்குப் பேரு வெச்சுட்டு வரப் பார்க்கறீங்களே பெரியப்பா, அதுக்குப் பேரு மானமா? ஜெயிச்சு நின்னவன், தோத்தவளுக்காகத் திரும்பி வந்தான். இந்த வீட்டுல நாம யாராவது அப்படி ஒண்ணு செஞ்சிருக்கோமா, சொல்லுங்க பார்க்கலாம்."

சம்பங்கி தடியை ஊன்றிக்கொண்டு, திறந்து வைத்த காரின் முன்சீட்டைத் தாண்டி, தன் வீட்டை நோக்கி நடந்துவிட்டார். அவர் நடையில் அன்றுதான் வயது தெரிந்தது.

விஜயகுமார் தனியாகவே காரை எடுத்தான். மனைவியின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தெம்பு இல்லை. மண்பாதையின் முடிவில், தார்ரோட்டில், கார் நின்றுவிட்டது. இடது பக்கம் போனால் ஸ்டேஷன். வலது பக்கம் ஹோசூர், கம்பெனி முதலாளியின் அலுவலகம். நேற்று இரண்டு தரம் அவர் போன் செய்திருந்தார், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, இண்டிகேட்டர் விளக்கு எதுவும் மினுங்கவில்லை. ஒரு கல் லாரி குறுக்கே வந்து மறைத்தது. லாரி போனபின் பார்த்தால் கார் அங்கே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினான் என்று வாசலில் நின்ற யாராலும் சொல்ல முடியவில்லை.

"...அதே தான்பா. மண்டியில எல்லாருக்கும் சொல்லிடு. அந்தப் பொண்ணே ஒத்துக்கிச்சாம்..."

வாசல் ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு பரமசிவம் போனில் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் வந்து நின்றது யார் என்று அவர் பார்க்கவில்லை.

"ஸ்பீக்கர்ல போடுங்க," என்றாள் சரோஜம்மாள்.

"இல்லம்மா, நான் சும்மா..."

"போடுங்க."

அவர் விரல் தானாகப் போய் அழுத்தியது. போனிலிருந்து ராயக்கோட்டை மண்டியின் இரைச்சல் வாசலெல்லாம் பரவியது. ஏலக்குரல், கிரேட் உரசல், யாரோ சிரிப்பது. "அலோ? அலோ, யாருங்க?" என்றது ஒரு குரல்.

தக்காளி ஆட்கள் வேலை செய்கிற பாவனையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

"நான் சரோஜம்மாள். ஹரீஷோட அத்தை. மண்டியில இருக்கறவங்க எல்லாருக்கும் கேட்கற மாதிரி வெச்சுக்கப்பா. அந்தப் பொண்ணு படம் பார்க்கவே இல்ல. நான் கூட்டிக்கினு போகல. பார்த்தவன் எங்க புள்ள. வண்டி கட்டினவனும் அவன் தான். வீரன் பொண்ணு யாரையும் தள்ளல. அது மேட்டுல பாதி வழியில கவுந்து கெடந்துச்சு. எங்க புள்ள குட்டையில விழவும் இல்ல. அந்தப் பொண்ணைத் தூக்கிவிட எறங்கினான்."